கல் தானாகப் பேசாது



நம்முடைய சபைக் குடும்பங்களில் பிள்ளைகளை ஐரோப்பாவுக்கு அனுப்பியிருப்போர் இந்நாட்களில் அநேகர். மென்பொருள் பணிக்கும், செவிலியர் பணிக்கும், மேற்படிப்புக்கும் சென்ற பிள்ளைகள் கோடைக்காலத்தில் பெற்றோரைத் தங்களிடம் வரவழைத்துக்கொள்கிறார்கள். அவ்வாறு செல்கிற பெற்றோர் பேருந்தின் கண்ணாடி வழியே பத்து நகரங்களைக் கண்டு, நூறு புகைப்படங்களோடு திரும்புகிறார்கள். ஒரே ஒரு நகரத்தையாவது காலால் நடந்து, அதன் கதையைக் காதால் கேட்டு வந்தவர் சிலரே.

அப்படி நடந்து காணத்தக்க நகரம் ஒன்றிற்கு இக்கட்டுரை உங்களை அழைத்துச் செல்கிறது. பயணம் செய்ய வாய்ப்புள்ளவர்கள் இதைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கலாம். வாய்ப்பில்லாதவர்கள் வீட்டிலிருந்தே நம்மோடு நடந்து வரலாம். நகரத்தின் பெயர் பிராக். செக் நாட்டின் தலைநகரம். வல்டாவா நதியின் இரு கரைகளிலும் அமைந்தது. பெர்லினிலிருந்து தொடர்வண்டியில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இதன் பழைய நகரப்பகுதி 1992ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பிராக்கில் காணவேண்டியவற்றில் பாதி தலைக்கு மேலே கோபுரங்களாக நிற்கின்றன. மறுபாதி காலுக்குக் கீழே தரையில் கிடக்கிறது. அண்ணாந்து பார்ப்பதற்கு வழிகாட்டி தேவையில்லை. குனிந்து பார்ப்பதற்குத்தான் தேவை.

புறப்படுமுன்

பழைய நகரத்தில் காலைதோறும் வண்ணக் குடைகளை உயர்த்திப் பிடித்தபடி வழிகாட்டிகள் நிற்பதைக் காணலாம். முன்கூட்டியே கட்டணம் செலுத்திச் சேரும் குழுக்கள் உண்டு. கட்டணம் இல்லை என்று அறிவித்து, முடிவில் நாம் மனமுவந்து கொடுப்பதைப் பெற்றுக்கொள்ளும் குழுக்களும் உண்டு. இரண்டாவது வகையில் சேர்கிறவர்கள் ஒன்றை மறவாதிருக்கவேண்டும். அந்த வழிகாட்டிக்கு நாம் கொடுப்பதே கூலி. மூன்று மணி நேரம் கேட்டுவிட்டுக் கடைசித் தெருமுனையில் நழுவிவிடுவது நமக்கு அழகன்று.

தெருக்கள் கருங்கல் துண்டுகள் பாவியவை. ஆகவே தடித்த அடிப்பாகமுள்ள காலணி அவசியம். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் நடையை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது நலம். செக் நாட்டில் வழங்குவது யூரோ அல்ல, கொருனா என்னும் நாணயம். அதைத் தெருவில் நிற்பவர்களிடம் மாற்றாதீர்கள். கூட்டம் மிகுந்த இடங்களில் பணப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும்.

அரசர்கள் நடந்த தெரு

நடை பெரும்பாலும் வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கும். 1475ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கப்பட்ட இந்த வாயிற்கோபுரத்தில் பிற்காலத்தில் வெடிமருந்து சேமித்து வைக்கப்பட்டதால் இப்பெயர் வந்தது. பொகீமியா நாட்டின் அரசர்கள் முடிசூடுவதற்காக இவ்விடத்திலிருந்து புறப்பட்டு, செலெட்னா தெரு வழியாகப் பழைய நகரச் சதுக்கத்தை அடைந்து, நதியைக் கடந்து, எதிர்க்கரையில் குன்றின்மேலுள்ள கோட்டைக்கு ஏறிச்செல்வது வழக்கம். அரசர்கள் சென்ற அந்த வழியில்தான் நாமும் செல்கிறோம். இடையிடையே சிறு தெருக்களுக்குள் திரும்பி, அரசர்களுக்குப் பிரியமில்லாத சிலருடைய சுவடுகளையும் தேடப்போகிறோம்.

செலெட்னா தெரு முடிந்தவுடன் சதுக்கம் விரிகிறது. வலப்புறத்தில் வீடுகளுக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கோபுரங்கள் எழும்பி நிற்கின்றன. அது தீன் ஆலயம். கோபுரங்களின் உயரம் ஏறக்குறைய 80 மீட்டர். அவ்விரு கோபுரங்களுக்கும் நடுவேயுள்ள முகப்பை உற்றுப் பாருங்கள். அங்கே மரியாளின் சிற்பம் ஒன்று, தலையைச் சுற்றிப் பொன் ஒளிவட்டத்தோடு காணப்படும். அந்த இடத்தில் முன்பு இருந்தது வேறொன்று. அது ஒரு பெரிய பொற்பாத்திரம்.

ஏன் பாத்திரம்? அக்காலத் திருச்சபையில் இராப்போஜனத்தின்போது விசுவாசிகளுக்கு அப்பம் மட்டுமே கொடுக்கப்பட்டது. திராட்சரசப் பாத்திரம் குருமாருக்கே உரியதாயிருந்தது. பாத்திரம் எல்லாருக்கும் உரியது என்று பிராக்கின் போதகர்கள் 1414ஆம் ஆண்டில் கொடுக்கத் தொடங்கினார்கள். அன்று முதல் பாத்திரமே அவர்களுடைய அடையாளமாயிற்று. தீன் ஆலயம் அவர்களுடைய தலைமையான ஆலயமாயிற்று. 1620க்குப் பின் ஆட்சி மாறியபோது அந்தப் பொற்பாத்திரம் இறக்கப்பட்டது. 1626இல் அதை உருக்கி, மரியாளின் சிற்பத்துக்கு ஒளிவட்டம் செய்தார்கள். பொன் அதே பொன். கதைதான் மாற்றப்பட்டது. வழிகாட்டி சுட்டிக்காட்டாவிட்டால், கீழே நின்று பார்க்கிற எவருக்கும் இது விளங்காது.

சதுக்கத்தில் இரண்டு நினைவுகள்

சதுக்கத்தின் நடுவில் வெண்கலத்தால் ஆன பெரிய நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. அதில் நிமிர்ந்து நிற்பவர் ஜான் ஹஸ். லாடிஸ்லாவ் ஷலோன் என்ற சிற்பி இதை வடித்தார். ஹஸ் எரிக்கப்பட்டு 500 ஆண்டுகள் நிறைவுற்ற 1915ஆம் ஆண்டில் இது நிறுவப்பட்டது. அப்பொழுது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. பிராக் ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தது. திறப்புவிழா நடத்த அதிகாரிகள் இடங்கொடுக்கவில்லை. மக்கள் மலர்களைக் கொண்டுவந்து சின்னத்தை மூடினார்கள். விழா அவ்வளவே.

அருகிலேயே உயரமான ஒரு தூண் நிற்கிறது. அதன் உச்சியில் மரியாளின் உருவம். 1648இல் ஸ்வீடன் நாட்டுப் படை நகரத்தை முற்றுகையிட்டுத் தோற்றதற்கு நன்றியாக 1650இல் இந்தத் தூண் முதன்முதல் நிறுத்தப்பட்டது. செக்கோஸ்லோவாக்கியா 1918 அக்டோபர் 28 அன்று விடுதலை பெற்றது. அதற்குச் சில நாட்களுக்குப் பின், நவம்பர் 3 அன்று, ஒரு கூட்டம் அத்தூணைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளியது. அந்நிய ஆட்சியின் அடையாளமாக அவர்கள் அதைக் கண்டார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெற்றிடமாயிருந்த அவ்விடத்தில், நீண்ட வாக்குவாதங்களுக்குப் பின் 2020இல் அதே வடிவில் புதிய தூண் நிறுத்தப்பட்டது.

இப்பொழுது ஹஸ்ஸும் தூணும் ஒரே சதுக்கத்தில் நிற்கிறார்கள். ஒரே கல்தரையில் இரண்டு விதமான துக்கமும் இரண்டு விதமான நன்றியும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவரானாலும் நல்ல வழிகாட்டி இரண்டையும் சொல்லுவார்.

தூணுக்கருகே தரையில் பித்தளைக் கோடு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். பழைய தூணின் நிழல் அந்தக் கோட்டின்மேல் விழும் நேரமே பிராக்கின் நண்பகலாகக் கொள்ளப்பட்டது. முதலில் குனிந்து பார்க்கவேண்டிய இடம் இது.

மணி அடிக்கும் எலும்புக்கூடு

சதுக்கத்தின் மறுபுறம் பழைய நகரமன்றம். அதன் சுவரில் உள்ளது உலகப்புகழ் பெற்ற வானியல் கடிகாரம். இதன் மிகப் பழைய பகுதி 1410ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. சூரியனும் சந்திரனும் நிற்கும் இராசிகளையும், சூரியன் அஸ்தமிக்கும் நேரத்திலிருந்து எண்ணப்படும் பழைய செக் மணிக்கணக்கையும் இது காட்டுகிறது. காலை 9 மணி முதல் இரவு 11 மணி வரை, மணிக்கு ஒருமுறை எலும்புக்கூட்டின் உருவம் ஒன்று கயிற்றை இழுத்து மணியடிக்கிறது. மேலேயுள்ள இரண்டு சிறு ஜன்னல்களில் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் வரிசையாக வந்து செல்கிறார்கள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கும் ஒருவனும், பணப்பையைப் பிடித்திருக்கும் ஒருவனும், "இன்னும் நேரமாகவில்லை" என்று சொல்வதுபோலத் தலையை அசைக்கிறார்கள். கடைசியில் சேவல் கூவும்.

இதைச் செய்த கலைஞன் வேறொரு நகரத்துக்கும் இதுபோல் செய்துவிடாதபடி அவனுடைய கண்களைப் பிடுங்கிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அது கட்டுக்கதை. கடிகாரத்தைச் செய்தவர் கடான் ஊரைச் சேர்ந்த மிக்குலாஷ் என்பதை ஆராய்ச்சியாளர்கள் ஆவணத்தின் மூலம் நிலைநாட்டியிருக்கிறார்கள். ஆயினும் நடைவழிகளில் இக்கதை இன்றும் உலவுகிறது. கதையைக் கதையென்றும் வரலாற்றை வரலாறென்றும் பிரித்துச் சொல்லுகிற வழிகாட்டி கிடைத்தால் நீங்கள் பாக்கியவான்கள்.

1945 மே மாதத்தில், போர் முடியும் தருவாயில், ஜெர்மானியப் படையின் தாக்குதலில் நகரமன்றம் தீப்பற்றியது. கடிகாரம் பாழாயிற்று. மரத்தாலான அப்போஸ்தலர் உருவங்கள் எரிந்துபோயின. இப்பொழுது நாம் காண்பவை அதற்குப்பின் புதிதாகச் செதுக்கப்பட்டவை.

இருபத்தேழு சிலுவைகள்

கடிகாரத்தைப் பார்க்கத் திரளும் கூட்டத்தில் அநேகர் தங்கள் பாதத்தின் கீழ் இருப்பதைக் கவனிப்பதில்லை. நகரமன்றத்தின் கிழக்குச் சுவருக்கு முன்பாகத் தரையில் வெள்ளைக் கற்களால் சிலுவைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. எண்ணிப் பாருங்கள். மொத்தம் 27.

1618 மே 23 அன்று, பேரரசருக்கு எதிராக எழுந்த பொகீமிய சீர்திருத்தச் சபையார் அவருடைய அலுவலர் இருவரையும் எழுத்தர் ஒருவரையும் கோட்டையின் ஜன்னல் வழியே வெளியே எறிந்தார்கள். மூவரும் உயிர் தப்பினர். தேவதூதர்கள் தாங்கினார்கள் என்றனர் கத்தோலிக்கர். குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றனர் மற்றவர்கள். அந்த நிகழ்ச்சி முப்பதாண்டுப் போருக்குத் தொடக்கமாயிற்று. 1620 நவம்பர் 8 அன்று பிராக்குக்கு அருகிலுள்ள வெள்ளை மலையில் நடந்த போரில் பொகீமியர் தோற்றார்கள். மறுவருடம், 1621 ஜூன் 21 அன்று, இந்தச் சதுக்கத்தில் 27 தலைவர்கள் ஒரே நாளில் கொல்லப்பட்டனர். 24 பேர் வாளாலும், 3 பேர் தூக்கினாலும் மாண்டனர். பிரபுக்கள் மூவர், வீரப்பெருமக்கள் எழுவர், நகரத்தார் பதினேழு பேர்.

அவர்களில் ஒருவர் ஜான் யெஸ்ஸெனியஸ். மருத்துவர். 1600இல் பிராக்கில் மனித உடலைப் பலர் முன்னிலையில் அறுத்து உடற்கூறு விளக்கியவர். பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்தவர். பேச்சுவன்மையால் அரசருக்கு எதிராகத் தூது சென்றவர் என்பதால் கொல்லுவதற்கு முன் அவருடைய நாவை அறுத்தார்கள். இருபத்தேழு பேரில் ஒருவர் கத்தோலிக்கர் என்பதையும் நாம் சொல்லவேண்டும். இது விசுவாசத்தின் போராட்டமாக மட்டுமல்ல, அரசாட்சியின் போராட்டமாகவும் இருந்தது.

கொல்லப்பட்டவர்களில் 12 பேருடைய தலைகளை நதிப்பாலத்தின் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். பத்து ஆண்டுகள் அவை அங்கேயே இருந்தன. அந்தப் பாலத்துக்கும் நாம் போகப்போகிறோம்.

அதற்குப் பின் நாட்டில் சீர்திருத்தச் சபையாருக்கு இரண்டே வழிகள் இருந்தன. மதம் மாறவேண்டும், அல்லது நாட்டைவிட்டு வெளியேறவேண்டும். சகோதரர் ஐக்கியம் என்ற சபையின் கடைசிப் பேராயரான கொமேனியஸ் 1628இல் நாட்டைவிட்டுச் சென்று, திரும்பவே முடியாமல் 1670இல் ஆம்ஸ்டர்டாமில் காலமானார். குழந்தைகளுக்குப் படம் காட்டிப் பாடம் சொல்லும் முறையை உலகுக்கு வழங்கிய கல்வியாளர் அவரே. அவருடைய படப் பாடநூல் 1658இல் வெளிவந்தது.

நாட்டிலேயே தங்கி இரகசியமாக விசுவாசத்தைக் காத்தவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய சந்ததியார் சிலர் 1722இல் மொராவியாவிலிருந்து எல்லையைக் கடந்து, சாக்சனி நாட்டில் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் குடியேறினார்கள். அந்தக் குடியேற்றமே ஹெர்ன்ஹூட். அங்கே எழுந்த ஜெபச்சங்கிலியைக் குறித்து நம் பிரசங்கங்களில் அநேகந்தரம் கேட்டிருக்கிறோம். அந்த மொராவியச் சகோதரர்களில் சிலர் 1760இல் நம்முடைய தரங்கம்பாடிக்கும் வந்து, அருகே தோட்டம் அமைத்துக் குடியிருந்தார்கள். பிராக் சதுக்கத்தின் வெள்ளைச் சிலுவைகளுக்கும் சோழமண்டலக் கடற்கரைக்கும் இப்படியொரு வழி உண்டு.

எழுதி, அழிந்து, மறுபடியும் எழுதிய பெயர்கள்

சதுக்கத்திலிருந்து வடக்கே சில நிமிடங்கள் நடந்தால் யோசெஃபோவ் என்னும் யூதர் பகுதி. ஏறக்குறைய 1270இல் கட்டப்பட்ட ஜெப ஆலயம் இங்கே இன்றும் வழிபாட்டில் உள்ளது. வழிபாடு நடைபெறும் ஜெப ஆலயங்களில் ஐரோப்பாவிலேயே மிகப் பழமையானது இதுவே. பக்கத்தில் பழைய கல்லறைத் தோட்டம். இடம் போதாமையால் மண்ணைக் கொட்டிக் கொட்டி ஒன்றின்மேல் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். ஏறக்குறைய 12,000 கல்லறைக் கற்கள் ஒன்றோடொன்று சாய்ந்து நெருங்கி நிற்கின்றன. மிகப் பழைய கல் 1439ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

இங்கே கிறிஸ்தவர்களாகிய நாம் தலைகுனிந்தே நடக்கவேண்டும். 1389ஆம் ஆண்டு ஈஸ்டர் நாட்களில், கிறிஸ்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட கூட்டத்தார் இந்தப் பகுதிக்குள் புகுந்து யூதர்களைக் கொன்றார்கள். ஜெப ஆலயத்துக்குள் ஓடி ஒளிந்தவர்களையும் விடவில்லை. நம்முடைய இரத்தசாட்சிகளுக்காகக் கண்ணீர் விடுகிற நாம், நம்முடைய பெயரால் சிந்தப்பட்ட இரத்தத்தை மறைத்துப் பேசினால், அது பாதிக் கதையாகிவிடும்.

பின்காஸ் ஜெப ஆலயத்துக்குள் நுழையுங்கள். சுவர் முழுவதும், தரையிலிருந்து மேல்வரை, கையால் எழுதப்பட்ட பெயர்கள். நாசிகளால் கொல்லப்பட்ட பொகீமிய, மொராவிய யூதர்கள் ஏறக்குறைய 78,000 பேருடைய பெயர்கள் அவை. 1950களில் எழுதப்பட்டன. 1968இல் இடம் மூடப்பட்டது. ஈரத்தினாலும் புறக்கணிப்பினாலும் எழுத்துகள் சிதைந்தன. கம்யூனிச ஆட்சி 1989இல் முடிந்த பின், 1990களில் அத்தனை பெயர்களையும் மறுபடியும் ஒவ்வொன்றாக எழுதினார்கள். மேல்மாடியில், டெரெசின் முகாமில் அடைக்கப்பட்டிருந்த குழந்தைகள் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன.

வெளியே வந்து தெருவில் நடக்கும்போது, சில வீட்டு வாசல்களில் கருங்கற்களுக்கு நடுவே சிறிய பித்தளைக் கல் ஒன்று மின்னும். பத்து சென்டிமீட்டர் சதுரம். அந்த வீட்டில் வாழ்ந்து, பிடித்துச் செல்லப்பட்டவருடைய பெயரும் பிறந்த ஆண்டும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். குந்தர் டெம்னிக் என்ற ஜெர்மானியக் கலைஞர் தொடங்கிய பணி இது. அந்தப் பெயரைப் படிக்கவேண்டுமானால் நீங்கள் குனிந்தே ஆகவேண்டும்.

அப்பத்தின் வீடு

இப்பொழுது தெற்கே திரும்பி, குறுகிய தெருக்களின் வழியே பெத்லகேம் சதுக்கத்துக்கு வாருங்கள். சுற்றுலாக் கூட்டம் இங்கே குறைவு. கூரான இரட்டைக் கூரையோடு, அலங்காரம் ஏதுமற்ற ஒரு கட்டடம் நிற்கிறது. இதுவே பெத்லகேம் சிற்றாலயம். பெத்லகேம் என்பதற்கு அப்பத்தின் வீடு என்று பொருள் என்பது நாம் அறிந்ததே.

1391ஆம் ஆண்டில் அரசவையைச் சேர்ந்த ஒருவரும் ஒரு வணிகரும் சேர்ந்து இதை நிறுவினார்கள். நோக்கம் ஒன்றே. செக் மொழியில் பிரசங்கம் நடைபெறவேண்டும். அந்நாளில் ஆராதனையின் மொழி இலத்தீன். நகரத்தின் செல்வாக்குள்ள குடிகள் பேசியது ஜெர்மன். சந்தைக்கு வருகிற செக் பெண்களும் கைத்தொழில் செய்வோரும் தங்கள் தாய்மொழியில் தேவவார்த்தையைக் கேட்கத் தனியாக ஒரு வீடு தேவைப்பட்டது. பெயரளவில் சிற்றாலயம் என்றாலும் இதில் ஏறக்குறைய 3,000 பேர் கூடக்கூடும்.

மும்பையிலும் டில்லியிலும் புனேயிலும், அந்நிய மொழிகளின் நடுவே, வாடகைக் கூடத்தையோ பள்ளி அரங்கத்தையோ ஞாயிறு காலையில் மூன்று மணி நேரத்துக்குப் பெற்றுத் தமிழில் ஆராதிக்கிறவர்களே, இந்த வீட்டின் அருமையை உங்களைக் காட்டிலும் அதிகமாய் உணரக்கூடியவர் யார்?

1402 முதல் 1412 வரை இங்கே பிரசங்கித்தவர் ஜான் ஹஸ். அரசி சோஃபியாவும் அவருடைய பிரசங்கத்தைக் கேட்க வந்தார். 1409இல் அவர் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 1412இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்தார். அதே ஆண்டில் அந்த விற்பனையைக் கண்டித்த மூன்று வாலிபர்கள் தலை வெட்டப்பட்டனர். அவர்களுடைய உடல்களை மக்கள் பெத்லகேமுக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். ஹஸ் பிராக்கை விட்டு வெளியேற நேர்ந்தது. 1414இல், பாதுகாப்பு அளிக்கப்படும் என்ற சிகிஸ்மண்ட் அரசரின் உறுதிச்சீட்டை நம்பிக் கான்ஸ்டன்ஸ் நகரத்துத் திருச்சபைச் சங்கத்துக்குச் சென்றார். சென்றவரைச் சிறையிலிட்டார்கள். 1415 ஜூலை 6 அன்று உயிரோடே எரித்தார்கள். நினைவாக எதையும் எடுத்துச் செல்லாதபடி சாம்பலை ரைன் நதியில் கரைத்தார்கள்.

சாம்பலைக் கரைத்ததோடு முடிந்ததா? ஹஸ்ஸைப் பின்பற்றியவர்கள் வாளை எடுத்தார்கள். 1419 முதல் 1434 வரை நாடு போர்க்களமாயிற்று. அவர்கள் கையாலும் இரத்தம் சிந்தப்பட்டது. அவர்களுக்குள்ளேயே பிளவுண்டு, கடைசிப் போரில் ஒருவரையொருவர் வெட்டினார்கள். இதையும் மறைக்கவேண்டியதில்லை.

சிற்றாலயம் 1661இல் இயேசு சபைக் குருமாரின் கைக்குச் சென்றது. பாழடைந்த நிலையில் 1786இல் இடிக்கப்பட்டது. பிற்பாடு அவ்விடத்தில் குடியிருப்பு வீடுகள் எழும்பின. ஹஸ்ஸின் பிரசங்க மேடை நின்ற இடத்தில் யாரோ சமைத்து, உண்டு, உறங்கினார்கள். ஆனால் பழைய சுவர்களின் பகுதிகள் பக்கத்து வீட்டுச் சுவர்களுக்குள் மறைந்து நின்றன. அவற்றை அடையாளம் கண்டு, பழைய ஓவியங்களையும் ஆவணங்களையும் ஒப்பிட்டு, 1950களில் கட்டடக் கலைஞர் யாரோஸ்லாவ் ஃப்ராக்னர் சிற்றாலயத்தை மறுபடியும் எழுப்பினார். 1954இல் அது திறக்கப்பட்டது. எழுப்பியது எந்த அரசு தெரியுமா? தேவன் இல்லை என்று சொன்ன கம்யூனிச அரசு. ஹஸ்ஸை ஏழைகளின் போராளியாக அவர்கள் கண்டார்கள். உள்ளே பழைய கிணறு இன்றும் இருக்கிறது. கூடிவந்தவர்களின் முன்னோர் இறைத்துக் குடித்த கிணறு அது. இந்நாளில் செக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் விழாக்களை இங்கே நடத்துகிறது.

1999 டிசம்பரில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், ஹஸ்ஸுக்கு நேர்ந்த கொடிய மரணத்துக்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். ஜூலை 6 செக் நாட்டில் அரசு விடுமுறை நாள். ஆயினும் இன்று உலகத்தில் ஆலயத்துக்குச் செல்வோர் மிகக் குறைந்த நாடுகளில் செக் நாடும் ஒன்று. விடுமுறை நாள் நிலைத்திருக்கிறது, சிலை நிலைத்திருக்கிறது, கட்டடமும் திரும்ப வந்திருக்கிறது. வீட்டில் அப்பம் புசிக்க வருவோரோ குறைந்துபோனார்கள். இந்த இடத்தில் சற்று நேரம் உட்காருங்கள். வழிகாட்டியும் அவசரப்படுத்தமாட்டார்.

பாலத்தைக் கடந்து

ஐந்து நிமிட நடையில் நதிக்கரை. 1342இல் வந்த வெள்ளம் பழைய பாலத்தை அடித்துச் சென்றது. அதன்பின் 1357இல் பேரரசர் நான்காம் சார்லஸ் புதிய பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1348இல் பிராக் பல்கலைக்கழகத்தை நிறுவியவரும் இவரே. பாலத்தின் நீளம் 516 மீட்டர். இருபுறமும் 30 சிலைகள். நுழைவிலுள்ள கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். சதுக்கத்தில் 27 சிலுவைகளைக் கண்டவர்களுக்கு மட்டுமே இந்தக் கோபுரம் வெறும் அழகாகத் தோன்றாது. பன்னிரண்டு தலைகள் தொங்கியது இங்கேதான்.

எதிர்க்கரையில் படிகள் ஏறினால் கோட்டை. அதனுள்ளே புனித வீத்து பேராலயம். 1344இல் தொடங்கி 1929இல் முடிவுற்ற கட்டடம் அது. 1618இல் மூவர் எறியப்பட்ட ஜன்னலும் கோட்டையிலேயே இருக்கிறது. கீழே பள்ளத்தை எட்டிப்பார்த்துவிட்டு, தூதர்களா குப்பைமேடா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்தபின்

யோர்தானைக் கடந்த ஜனங்கள் பன்னிரண்டு கற்களை நாட்டினார்கள். பிற்காலத்தில் பிள்ளைகள் அவற்றின் பொருளைக் கேட்கும்போது பெற்றோர் விளக்கிச் சொல்லவேண்டும் என்பதே கட்டளை. கல்லை நாட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை. கல் தானாகப் பேசாது. பிராக்கின் தரையில் சிலுவைகள் பதிந்திருக்கின்றன. ஆனால் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கடிகாரத்தைப் பார்த்தபடியே அவற்றை மிதித்துச் செல்கிறார்கள். ஒருவர் நின்று, கையை நீட்டி, "இங்கே பாருங்கள்" என்று சொல்லும்போதுதான் அவை சாட்சியாகின்றன.

அன்பானவர்களே, உங்கள் நகரத்துக்கும் இப்படி ஒரு நடை வேண்டாமா? உங்கள் சபையின் முதல் கூடுகை எந்தச் சந்தில், யாருடைய வீட்டின் எந்த அறையில் நடந்தது? தாராவியிலோ, கரோல்பாக்கிலோ, அல்சூரிலோ, கையில் ஒரு துணிப்பையோடு வந்து இறங்கிய அந்த முதல் குடும்பம் எங்கே தங்கியது? எந்த வீட்டுக்காரர் தமிழ்ப் பாட்டுச் சத்தம் பொறுக்காமல் காலி செய்யச் சொன்னார்? எந்த அயல்மொழி அண்டைவீட்டார் தங்கள் திண்ணையைத் திறந்துவிட்டார்? இவற்றை அறிந்த ஐயாமாரும் அம்மாமாரும் இன்னும் உங்கள் சபையின் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

அடுத்த விடுமுறை நாளில், வெயில் ஏறுமுன், அவர்களில் ஒருவரை முன்னே நடக்கச் சொல்லுங்கள். ஆங்கிலமும் இந்தியும் பேசி வளர்கிற உங்கள் பிள்ளைகளை அவருக்குப் பக்கத்தில் நடக்கவிடுங்கள். அவர் மெதுவாகத்தான் நடப்பார். அவசரப்படுத்தாதீர்கள். பழைய வீடு இடிந்து அடுக்குமாடிக் கட்டடம் எழும்பியிருந்தாலும், "இந்த இடந்தான்" என்று அவர் கைத்தடியால் தரையைத் தட்டிக் காட்டட்டும்.